காக்ஸ் டவுனிலிருந்து காங் யாட்ஸேவுக்கு: ஒரு செலவுக் கணக்கு

இமயமலையில் 5,000 மீட்டரிலிருந்து 6,500 மீட்டர் வரை உயரமுள்ள, அனுபவமுள்ள வழிகாட்டியின் துணையோடு சாதாரண மனிதரும் முயன்று ஏறக்கூடிய சிகரங்களை ‘டிரெக்கிங் பீக்’ என்கிறார்கள். பெயரில் டிரெக்கிங் இருந்தாலும் இது வெறும் நடைப்பயணம் அல்ல. உச்சிக்குப் போகும் நாளில் நள்ளிரவுக்கு மேல் புறப்பட்டு, பூட்ஸில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்பு முட்களும், இடுப்பில் கயிறு கோக்கும் ஹார்னெஸ் பட்டையும், கையில் ஐஸ் ஆக்ஸ் என்ற பனிக்கோடரியுமாகப் பனிச்சரிவில் பல மணி நேரம் ஏற வேண்டும். நேபாளம் 1978-ல் இப்படிப்பட்ட 18 சிகரங்களைத் திறந்துவிட்டது. பிறகு பட்டியல் நீண்டது. இந்தியப் பகுதியில் லடாக்கின் காங் யாட்ஸே-2 (6,250 மீட்டர்), இமாச்சலத்தின் யூனாம் (6,111 மீட்டர்), மணாலிக்கு அருகிலுள்ள ஃபிரெண்ட்ஷிப் பீக் (5,289 மீட்டர்) ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை.

எவரெஸ்ட் ஏறுவதற்கான செலவு வேறு ரகம். நேபாள அரசு வாங்கும் அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து, வசந்த காலத்தில் ஏற, ஆளுக்கு 15,000 டாலர். 2023-ல் எவரெஸ்ட் ஏறிய விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்செல்விக்குத் தமிழ்நாடு அரசின் நிதியுதவி தேவைப்பட்டது. டிரெக்கிங் பீக் ஏறுபவருக்கு அரசும் கைகொடுப்பதில்லை, ஸ்பான்சரும் கிடைப்பதில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் போக வேண்டும். ஆகவே பயணத்தின் முதல் வேலை கணக்குப் போடுவது. பெங்களூரு காக்ஸ் டவுனில் வசிக்கும் ஒருவர் காங் யாட்ஸே-2 ஏறி வீடு திரும்பும்வரை ஆகும் செலவை எடுத்துக்கொண்டால், அந்தக் கணக்கின் எல்லாப் பகுதிகளும் தெளிவாகும்.

எந்தச் சிகரம்?

லே நகரத்துக்கு அருகிலுள்ள ஸ்டோக் காங்ரி (6,153 மீட்டர்) நீண்ட காலம் முதல் ஆறாயிரம் மீட்டர் சிகரத்தை நாடுவோரின் தேர்வாக இருந்தது. கூட்டம் தாங்காமல் சுற்றுச்சூழல் கெட்டதால் 2020-ல் அது மூடப்பட்டது. அங்கு போக இருந்தவர்கள் மார்க்கா பள்ளத்தாக்கின் காங் யாட்ஸே பக்கம் திரும்பினார்கள். ஏறுவதற்கான பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

நேபாளத்தின் ஐலண்ட் பீக் (6,189 மீட்டர்) போக இந்தியருக்கு விசா வேண்டாம். 1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்ற மாற்று விகிதமும் மாறாதது. ஆனால் சிகர அனுமதி, தேசியப் பூங்காக் கட்டணம், லுக்லா விமானம், குழு கட்டித் திரும்பப் பெறும் குப்பை வைப்புத்தொகை என்று செலவுத் தலைப்புகள் கூடிக்கொண்டே போகும். அனுமதிக் கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும். வசந்த காலத்தில்தான் அதிகம். இந்திய நிறுவனம் வழியாக நேபாளப் பேக்கேஜ் வாங்கினால் டி.சி.எஸ். எனப்படும் முன்கூட்டிய வரியும் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு காட்டும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கியிருக்கும். முதல் சிகரத்துக்கு இந்தியப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு எளிதாகும்.

பேக்கேஜில் எது உண்டு, எது இல்லை

நிறுவனம் சொல்லும் தொகையில் பொதுவாக வழிகாட்டி, சமையற்காரர், கூடாரம், மலையில் சாப்பாடு, பொதுச் சாமான் சுமக்கும் குதிரைகள், அனுமதிக் கட்டணங்கள், கயிறு ஆகியவை அடங்கும். பெங்களூரிலிருந்து லே போய்வரும் செலவு, லேயில் கூடுதலாகத் தங்கும் நாட்கள், சொந்தச் சாமான், பூட்ஸ் வாடகை, காப்பீடு, டிப்ஸ் எல்லாம் அதற்கு வெளியே நிற்கும். சொந்தப் பையைக் குதிரையில் ஏற்றுவதற்குச் சிலர் தனிக் கட்டணம் வாங்குவார்கள். 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடுமுன் நாட்களை எண்ணிப் பார்ப்பது அவசியம். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது உயர மருத்துவத்தின் பொது விதி. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. லே 3,500 மீட்டர். அங்கே விமானத்தில் போய் இறங்குபவரின் உடல் ஒரே காலையில் 2,500 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. காங் யாட்ஸே-2 உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்கும் குறைவு.

மார்க்கா பள்ளத்தாக்கு வழியாக ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று படிப்படியாக உயர்ந்து 5,000 மீட்டரைத் தாண்டிய அடிவார முகாமை அடைவது நீளமான பாதை. கோங்மாரு லா கணவாய் வழியாக எதிர்ப்புறத்திலிருந்து வந்தால் சில நாட்கள் குறையும். குறுகிய பேக்கேஜ்கள் இந்த வழியைப் பிடிக்கும். ஒரு நாள் குறைந்தால் வழிகாட்டி, சமையற்காரர், குதிரைக்காரர் ஆகியோரின் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் சாப்பாடும் நிறுவனத்துக்கு மிச்சம். விலை இறங்குவது அப்படித்தான். உடல் பழகிக்கொள்ள வேண்டிய நாள் அங்கே விற்கப்பட்டுவிடுகிறது. தலைவலியும் வாந்தியுமாக அடிவார முகாமிலிருந்து திரும்புபவருக்கு அந்த மலிவு விலை முழுவதும் வீண்.

வானிலைக்கென்று ஒரு நாள் உபரியாக இருக்கிறதா, உச்சி நாளில் எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, அவர் பயிற்சி பெற்ற நிறுவனம் எது, ஆக்ஸிஜன் சிலிண்டரும் தொடர்புக் கருவியும் உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்தினர் அடங்கிய 22 பேர் கொண்ட மலையேற்றக் குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அது சிகரம்கூட அல்ல, நடைப்பாதை. அந்த உயரத்தில் வானிலை சில மணி நேரத்தில் புரண்டுவிடும். உபரி நாளுக்கும் தொடர்புக் கருவிக்கும் கொடுக்கும் பணம் அதை எதிர்கொள்வதற்கானது.

போக்குவரத்து

காக்ஸ் டவுனிலிருந்து கெம்பேகவுடா விமான நிலையம் 30 கிலோமீட்டருக்கு மேல். டாக்ஸிக்குப் பதில் வாயு வஜ்ரா பேருந்தில் போனால் மிச்சம். பெரும்பாலும் டெல்லியில் விமானம் மாறித்தான் லே போக வேண்டும். லேயில் காற்று வலுக்கும் முன்பு, முற்பகலிலேயே விமானங்கள் வந்துபோகும். வானிலை கெட்டால் ரத்தாகும். இரண்டு விமானங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், ஒன்று தவறினாலும் மற்றதற்கு விமான நிறுவனமே பொறுப்பு. தனித்தனியே எடுத்தால் நட்டம் பயணிக்கு. ஜூலை, ஆகஸ்டில் கட்டணம் ஏறும் என்பதால் மூன்று மாதம் முன்பே பதிவு செய்வது நல்லது. எடை வரம்பையும் பார்க்க வேண்டும்: கிராம்பானும் ஐஸ் ஆக்ஸும் கைப்பையில் போகாது, செக்-இன் பையில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு வழி, கர்நாடகா எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கு மேல் பயணம் செய்து டெல்லி சேர்ந்து, மணாலி வழியாகச் சாலையில் லே போவது. செலவு குறையும், உயரமும் படிப்படியாகக் கூடும். ஆனால் விடுப்பு நாட்கள் கூடும். சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர் அந்த இழப்பையும் கணக்கில் எழுத வேண்டும். வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்புக்கான சிறு தொகையும் பட்டியலில் வரும்.

வாங்குவதா, வாடகையா

உடம்பை ஒட்டிக் கிடப்பதை வாங்கலாம், ஒரே ஒரு நாளுக்குத் தேவைப்படுவதை வாடகைக்கு எடுக்கலாம். தெர்மல் உடை, கம்பளிக் காலுறை, கையுறை, நடை பூட்ஸ், ஹெட்லேம்ப், புற ஊதாக் கதிர் தடுக்கும் கண்ணாடி ஆகியவை வாங்க வேண்டியவை. பனி பூட்ஸ், கிராம்பான், ஐஸ் ஆக்ஸ், ஹார்னெஸ், ஹெல்மெட், கனத்த டவுன் ஜாக்கெட் ஆகியவை லேயிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸைக் கடையிலேயே இரண்டு காலுறையோடு போட்டு நடந்து பார்த்து, கிராம்பான் அதில் ஆடாமல் பொருந்துகிறதா என்று மாட்டிச் சரிபார்க்க வேண்டும். விரல் நசுங்கும் பூட்ஸ் மைனஸ் பதினைந்து டிகிரியில் ரத்த ஓட்டத்தைத் தடுத்து விரலையே பறித்துவிடும்.

காப்பீடும் உடல் தகுதியும்

சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் கயிறும் ஐஸ் ஆக்ஸும் பயன்படுத்தும் மலையேற்றத்தை விலக்கிவிடும், அல்லது குறிப்பிட்ட உயரத்தோடு நின்றுவிடும். ஏறப்போகும் சிகரத்தின் உயரமும், தேடி மீட்கும் செலவும், ஹெலிகாப்டரும் பாலிசியில் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்க வேண்டும். மருத்துவரைப் பார்த்து உடற்பரிசோதனை செய்துகொள்வதும், உயர நோய் மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்வதும் செலவுப் பட்டியலின் பகுதிகள்.

பயிற்சிக்கு அதிகச் செலவில்லை. காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் ஓட்டம், வாரக் கடைசியில் முதுகில் சுமையோடு நந்தி மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், சாவன்துர்கா பாறை என்று ஆறு மாதம் தொடர்ந்தால் கால் பழகும். தொழில்நுட்பம் கற்க விரும்புபவருக்கு டார்ஜிலிங் (1954), உத்தரகாசி (1965), மணாலி மலையேற்ற நிறுவனங்களின் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. ஏறக்குறைய நான்கு வாரம். உணவு, தங்குமிடம், கருவி எல்லாம் சேர்ந்த கட்டணம் தனியார் பேக்கேஜோடு ஒப்பிட்டால் குறைவு. விடுப்பு கிடைப்பவருக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை.

மொத்தக் கணக்கு

கீழே உள்ளது மாதிரிக் கணக்கு. தொகைகள் பருவத்துக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும், தலைப்புகள் மாறாது.

பேக்கேஜ், ஜி.எஸ்.டி.யோடு: ரூ.63,000
பெங்களூரு–லே விமானம், போகவர: ரூ.22,000
விமான நிலையப் பேருந்து, டாக்ஸி: ரூ.4,000
லேயில் மூன்று இரவு, சாப்பாட்டோடு: ரூ.7,500
வாங்கும் சாமான்: ரூ.20,000
வாடகைச் சாமான்: ரூ.7,000
காப்பீடு: ரூ.4,000
மருத்துவப் பரிசோதனை, மருந்து: ரூ.3,000
டிப்ஸ்: ரூ.6,000
பயிற்சிப் பயணங்கள்: ரூ.6,000

கூட்டினால் ரூ.1,42,500. விமானம் ரத்து, கூடுதல் இரவு, அவசர மருத்துவம் ஆகியவற்றுக்கென்று 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய ரூ.1,64,000. விளம்பரத்தில் கண்ணில் படும் பேக்கேஜ் தொகை மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. பேக்கேஜ் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புறப்படுபவர் பிறகு காப்பீட்டிலும் பூட்ஸிலும் கைவைக்க நேர்வது இதனால்தான்.

டிப்ஸ் என்பது தாராள மனசைக் காட்டும் செலவு அல்ல. சமையற்காரருக்கும் குதிரைக்காரருக்கும் ஆண்டில் வேலை கிடைப்பது நான்கு மாதம். மற்றவர் எழும் முன்பே பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சி வைப்பவர்கள் அவர்கள். அந்தத் தொகையை வீட்டிலிருந்து கிளம்பும்போதே தனி உறையில் ரொக்கமாக எடுத்து வைப்பது முறை. மார்க்கா பள்ளத்தாக்கில் ஏ.டி.எம். கிடையாது.

சேர்ப்பதும் குறைப்பதும்

ஆகஸ்டில் முடிவெடுத்து அடுத்த ஆகஸ்டில் ஏறுவதாக வைத்துக்கொண்டால் மாதம் சுமார் ரூ.13,700 ஒதுக்க வேண்டும். வங்கியில் ஆர்.டி. என்ற தொடர் வைப்பு போட்டால் பணம் கைபடாமல் சேரும். தீபாவளி போனஸ் சாமான் வாங்க உதவும். நிறுவனத்துக்கு முன்பணம் கட்டுமுன் ரத்து விதிகளைப் படிக்க வேண்டும்: எத்தனை நாள் முன்பு சொன்னால் எவ்வளவு திரும்பும், நிறுவனமே ரத்து செய்தால் பணமாகத் தருமா, அடுத்த ஆண்டுக்கு மாற்றுமா என்பவை முக்கியம். கடன் அட்டைத் தவணையில் மலை ஏறுவது நல்லதல்ல. கட்டிய பணம் போய்விடுமே என்ற நினைப்பு, உடல் மறுக்கும்போதும் மேலே தள்ளும்.

குறைக்க இடம் இருக்கிறது. விமானத்துக்குப் பதில் ரயில், புதுச் சாமானுக்குப் பதில் நண்பரிடம் இரவல், லேயில் ஓட்டலுக்குப் பதில் வீட்டுவிடுதி, நான்கைந்து பேராகச் சேர்ந்து டாக்ஸி என்று இருபது முப்பதாயிரம்வரை இறக்கலாம். உடல் பழகும் நாட்கள், வழிகாட்டியின் தரம், பூட்ஸ், காப்பீடு, வேலை செய்வோரின் கூலி ஆகிய ஐந்தில் ஒரு ரூபாயும் குறைக்கக்கூடாது. மே மாதத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டிய தொகை சேராவிட்டால், இவற்றில் கைவைக்காமல், ஃபிரெண்ட்ஷிப் பீக் போன்ற உயரமும் செலவும் குறைந்த சிகரத்துக்கு மாறலாம். அல்லது பயணத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்து ஆர்.டி.யைத் தொடரலாம்.