பல்லோடு பிறந்த குழந்தைக்கு தாய்ப்பாலை நிறுத்தலாமா? நூல் கட்டி பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து

பிரசவம் முடிந்து குழந்தையை துணியில் சுற்றி கையில் கொடுத்த கொஞ்ச நேரத்தில் பாட்டி வாயை திறந்து பார்ப்பார். கீழ் ஈறில் அரிசி போல வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்க்கும். "என்னடி இது, புள்ள பல்லோட வந்திருக்கு?" அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் வார்டில் உள்ள எல்லா கட்டிலுக்கும் சேதி போய்விடும்.

"பால் குடுக்காதே, காம்பை கடிச்சு வச்சிடும்" என்பார் ஒருவர். "நூலை கட்டி ஒரு இழு இழுத்தா வந்துட்டு போவுது" என்பார் இன்னொருவர். பெற்றவள் யார் பேச்சை கேட்பது என்று தெரியாமல் திருதிருவென விழிப்பாள். இரண்டு யோசனையுமே தப்பு. அதிலும் இரண்டாவது, குழந்தையின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

சாதாரணமாக முதல் பல் 6 மாதம் வாக்கில்தான் முளைக்கும். சில குழந்தைகளுக்கு பிறக்கும்போதே இருக்கும். சிலருக்கு பிறந்த 30 நாளுக்குள் வந்துவிடும். ஏறக்குறைய 2 ஆயிரம் அல்லது 3 ஆயிரம் பிரசவத்துக்கு ஒரு குழந்தை இப்படி என்று டாக்டர்கள் கணக்கு சொல்கிறார்கள். மாதம் ஆயிரம் பிரசவம் நடக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால், வருடத்துக்கு நாலைந்து குழந்தைகள் பல்லோடு பிறக்கும். ஊருக்குத்தான் அதிசயம், பிரசவ வார்டு நர்சுக்கு அல்ல.

பல் முளை ஈறுக்குள் ஆழமாக இருக்காமல் மேலாக அமைந்து விடுவதே காரணம் என்கிறார்கள். சில குடும்பங்களில் இது வழிவழியாகவும் வரும். உதடு, அண்ணம் பிளவோடு பிறக்கும் குழந்தைகளிடமும் பார்க்கலாம்.

மாமனுக்கு ஆகாதா?

கொடி சுற்றி பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். பல்லோடு பிறந்தாலும் அதே பேச்சுதான் கிளம்புகிறது. பிரான்சு நாட்டு மன்னர் 14-ம் லூயி 1638-ல் பிறந்தபோது வாயில் 2 பல் இருந்ததாம். அவர் 72 வருடம் ஆட்சி நடத்தினார். கெட்ட சகுனம் என்றால் இத்தனை வருடம் சிம்மாசனத்தில் உட்கார முடியுமா?

கடிபடுவது யார்?

தாயை கடிக்கும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்த பல் பெரும்பாலும் கீழ் ஈறின் நடுவில்தான் வரும். குழந்தை பால் குடிக்கும்போது அதன் நாக்கு கீழ் ஈறுக்கு மேலே நீண்டு வந்துவிடும். காம்புக்கும் பல்லுக்கும் நடுவில் நாக்கு மெத்தை போல கிடக்கும். அதனால் சரியாக வாய் வைத்து குடிக்கிற குழந்தை தாயை கடிப்பது அபூர்வம்.

ஆனால் அடிபடுவது அந்த நாக்குதான். ஒவ்வொரு முறை சப்பும்போதும் நாக்கின் அடிப்பக்கம் பல்லின் கூர்முனையில் உரசும். நாளாக ஆக அந்த இடம் புண்ணாகிவிடும். இதை 1881-லேயே இத்தாலி நாட்டு டாக்டர் ரிகா என்பவர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் அந்த புண்ணுக்கு அவர் பெயர் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. குழந்தை பசியோடு ஆவலாக மார்பில் வாய் வைக்கும். இரண்டு இழுப்பு இழுத்ததும் வீல் என்று அழுது விட்டுவிடும். "உனக்கு பால் பத்தல" என்று வீட்டில் தீர்ப்பு சொல்லி, பால் பவுடரை கரைத்து புட்டியில் கொடுத்து விடுவார்கள். குழந்தை சப்பாமல் விட்டால் தாய்க்கு பால் சுரப்பதும் குறைந்துகொண்டே போகும். பால் நிஜமாகவே பத்தாமல் போவது அதற்கு பிறகுதான். குழந்தை இப்படி அழுதால் முதலில் நாக்கை மெதுவாக தூக்கி அடியில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

புண் இருந்தாலும் தாய்ப்பாலை விட வேண்டியதில்லை. பல் டாக்டரிடம் போனால் பல்லின் கூர்முனையை மழமழவென்று தேய்த்து விடுவார். தேவைப்பட்டால் மேலே பல் அடைக்கும் பசையை பூசி உருண்டையாக்குவார். ஆறும் வரை தாய்ப்பாலை சுத்தமான பாத்திரத்தில் பீய்ச்சி, கொதிக்க வைத்து எடுத்த பாலாடையில் கொடுக்கலாம். நம் பாட்டிமார் பாலாடையில் புகட்டியது இந்த நேரத்துக்கு நன்றாகவே உதவும்.

தாய்க்கு வலித்தால் குழந்தை வாய் வைக்கும் விதத்தை கவனிக்க வேண்டும். காம்பு மட்டும் வாயில் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். காம்பை சுற்றியுள்ள கருவளையமும் முக்கால்வாசி வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் படவேண்டும். எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், சுண்டு விரலை குழந்தையின் கடைவாயில் விட்டு பிடியை தளர்த்தி எடுக்க வேண்டும்.

10 நாள் கணக்கு

பிறந்த குழந்தையின் உடம்பில் ரத்தம் உறைவதற்கு வேண்டிய வைட்டமின் கே குறைவாக இருக்கும். அதற்காகத்தான் ஆஸ்பத்திரியில் பிறந்ததும் தொடையில் ஒரு ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி போடாத குழந்தைக்கு பல்லை பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் வழியலாம். 3 கிலோ குழந்தைக்கு உடம்பில் இருப்பதே கால் லிட்டர் ரத்தம்தான். ஆகவே எடுத்தே தீர வேண்டும் என்றாலும் 10 நாள் தாண்டட்டும் என்று டாக்டர்கள் காத்திருப்பார்கள். முன்னாலேயே எடுக்க நேர்ந்தால் ஊசி போட்டாயிற்றா என்று பார்ப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டை பத்திரமாக வையுங்கள். அதில் இந்த ஊசி விவரம் இருக்கும்.

வேர் சரியாக வளராததால் சில பற்கள் ஆடும். ரொம்ப ஆடினால் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால் டாக்டரே எடுத்து விடுவார். எடுத்த குழியையும் சுரண்டி சுத்தம் செய்வார். இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது மறுபடி வளரும். நூல் கட்டி இழுப்பவர் இதை எல்லாம் எங்கே செய்யப் போகிறார்?

இன்னொரு விஷயம். இப்படி வருவதில் 10-க்கு 9 பல், 6 மாதத்தில் வரவேண்டிய அதே பால் பல்தான். கொஞ்சம் முந்திக்கொண்டு வந்திருக்கிறது. அதை பிடுங்கினால் அந்த இடத்தில் வேறு பால் பல் முளைக்காது. 6 அல்லது 7 வயதில் நிரந்தர பல் வரும் வரை அந்த பிள்ளை பொக்கை வாயோடுதான் பள்ளிக்கூடம் போகும். உறுதியாக இருக்கிற பல்லை அப்படியே விடுவதே நல்லது.

வெள்ளையாக தெரிவதெல்லாம் பல்லும் அல்ல. ஈறிலும் மேல் அண்ணத்திலும் சின்ன முத்து போல கொப்புளங்கள் பல குழந்தைகளுக்கு இருக்கும். சில வாரங்களில் தானாக மறைந்துவிடும். துணியால் தேய்ப்பது, நகத்தால் கிள்ளுவது கூடவே கூடாது.

புண்ணில் தேன் தடவுவதும் ஆபத்து. ஒரு வயது வரை குழந்தை வாயில் தேன் படக்கூடாது. மருந்துக்கடையில் விற்கும் மரத்துப்போகும் ஜெல்லில் பென்சோகெய்ன் என்ற மருந்து இருந்தால் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு போடக்கூடாது. ரத்தம் பிராண வாயுவை சுமக்க முடியாமல் செய்துவிடும் என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு துறை 2018-ல் எச்சரித்தது.

ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் பல் டாக்டர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு சீட்டு எழுதி தருவார்கள். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை ஒரு நாளைக்கு 6 தடவையாவது மூத்திரம் போக வேண்டும். அது குறைந்து, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கு ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 108-க்கு போன் செய்தால் வண்டி வரும்.