பொம்மைப் படத்துக்கு ஒரு பாலன்ஸ் ஷீட்!

2025 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை. நம் ஊர்த் தியேட்டர்களில் ஒரு ஜப்பான் பையன் தமிழ் பேசிக்கொண்டே அரக்கர்களை வெட்டிச் சாய்த்தான். படம் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்'. ஓடுகிற நேரம் 2 மணி 35 நிமிஷம். நான் போன காட்சியில் பாதிப் பேர் கழுத்தில் ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்தார்கள்.

என் மாமனாருக்குத்தான் தாங்கவில்லை. "வீட்ல குழந்தை இருக்கு. அதை விட்டுட்டு நீங்க தனியாப் பொம்மைப் படத்துக்குப் போறீங்களே, நியாயமா மாப்ளே?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதற்கெல்லாம் டெபிட் எது, கிரெடிட் எது என்று தேடுவான். 2023-ல் ஜப்பான் அனிமே வியாபாரம் மொத்தம் 3.3 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்த வரவு. இத்தனை பணமும் யார் பாக்கெட்டுக்குப் போகிறது? அரக்கன் கதையைவிட இந்தக் கதை சுவாரஸ்யம் ஸார்.

டாக்டர் போட்ட கொடேஷன்

1963 ஜனவரி 1-ம் தேதி, ஒஸாமு தெஸூகா என்பவர் 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற ரோபோ பையனை டி.வி.யில் இறக்கினார். தெஸூகா டாக்டருக்குப் படித்துவிட்டுப் படம் வரையப் போனவர். வாரா வாரம் ஒரு கதை. ஆர்டரைப் பிடிக்க வேண்டுமே என்று, ஆகிற செலவைவிடக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டார். துண்டு விழுந்ததை, பொம்மை, சாக்லேட் என்று ரோபோ பையன் முகத்தை வைத்து ஈடுகட்டினார்.

செலவைக் குறைக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வரைந்தால் கட்டுப்படி ஆகுமா? ஒரே படத்தை மூன்று ஃப்ரேமுக்குக் காட்டினால் 8 படம் போதும். பேசும்போது முகம் அசையாது, வாய் மட்டும் அசையும். போன வாரம் பறந்த காட்சியை எடுத்து வைத்திருந்து, இந்த வாரமும் பறக்க விடலாம். இன்றைக்கு 'ஆஹா, அனிமே ஸ்டைல்!' என்று நாம் ரசிப்பதில் பாதி, அன்றைய பற்றாக்குறை பட்ஜெட்டில் பிறந்த குழந்தை.

தெஸூகா ஆரம்பித்த அந்தக் கம்பெனி 1973-ல் திவாலானது. ஆனால் அவர் போட்ட கொடேஷனில்தான் டி.வி.க்காரர்களுக்குக் குறைந்த விலை பழகிப் போனது என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு.

ஸ்லீப்பிங் பார்ட்னர்கள்

இப்போது நிலவரம் எப்படி? டி.வி. கம்பெனி, புத்தகப் பதிப்பாளர், இசைக் கம்பெனி, பொம்மைக் கம்பெனி என்று சிலர் சேர்ந்து முதல் போட்டு ஒரு கமிட்டி அமைப்பார்கள். படம் படுத்தால் நஷ்டம் ஒருத்தர் தலையில் விழாது. ஓடினால் போட்ட பங்குப்படி லாபம். பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் படித்தவர்களுக்கு இது தண்ணிபட்ட பாடு.

ஒரே ஒரு வித்தியாசம். படத்தை வரைகிற ஸ்டுடியோ பல சமயம் அந்தக் கூட்டில் பார்ட்னரே கிடையாது. வெறும் காண்ட்ராக்டர். பேசின தொகையை வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். படம் உலகம் பூரா ஓடினாலும் ஒரு பைசா ஏறாது.

அந்தத் தொகைக்குள்தான் வரைகிறவர் கூலியும். ஹீரோ கத்தியை ஓங்குவது ஒரு படம், இறக்குவது ஒரு படம். நடுவில் கை நகர்கிற படங்களையெல்லாம் வரைவது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களும் பெண்களும். படத்துக்கு இவ்வளவு என்று கூலி. வழக்கமாகச் சொல்லப்படும் ரேட் சுமார் 200 யென். மாசம் 500 படம் வரைந்தால் ஒரு லட்சம் யென், நம் காசில் 60 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. "பரவாயில்லையே!" என்று அவசரப்படாதீர்கள். டோக்கியோவில் ஒரு சின்ன ரூமுக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஜப்பான் அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் 2015-ல் வெளியிட்ட சர்வேயிலும் இவர்களுடைய சராசரி வருமானம் வருஷத்துக்குச் சுமார் 11 லட்சம் யென்தான். என் கணக்கோடு டாலி ஆகிறதா, இல்லியா?

மாசச் சம்பளம் கொடுத்தவர்கள்

எல்லாரும் அப்படியில்லை. 1981-ல் அக்கம்பக்கத்துக் குடும்பத் தலைவிகளைச் சேர்த்துக்கொண்டு, வர்ணம் பூசும் வேலையில் ஆரம்பித்த கம்பெனி கியோட்டோ அனிமேஷன். படத்துக்கு இவ்வளவு என்கிற பேச்சே இல்லாமல் ஊழியர்களுக்கு மாசச் சம்பளம், உள்ளேயே பயிற்சி என்று நடத்திக்காட்டினார்கள்.

2019 ஜூலை 18-ம் தேதி ஒருவன் அந்த ஸ்டுடியோவுக்குள் புகுந்து பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் மறுபடி வந்து உட்கார்ந்து, 2020 செப்டம்பரில் 'வயலட் எவர்கார்டன்' படத்தை வெளியிட்டார்கள். போரில் இரண்டு கைகளையும் இழந்து, இரும்புக் கைகளால் பிறருக்குக் கடிதம் எழுதித் தருகிற பெண்ணின் கதை. இதற்கு மார்க் போட எனக்கு மனசு வரவில்லை. பாருங்கள், அவ்வளவுதான்.

இந்த சனி, ஞாயிறுக்கு

கொஞ்சம் பேர், கொஞ்சம் பணம், நிறையப் பிடிவாதம். இந்த மூன்றும் சேர்ந்த படங்களாகப் பொறுக்கியிருக்கிறேன்.

1. காட்ஸில்லா மைனஸ் ஒன் (2023): போரில் தோற்று நொந்து கிடக்கும் ஜப்பானுக்குள் ராட்சசப் பிராணி நுழைகிறது. கிராஃபிக்ஸ் காட்சிகள் 610, வேலை செய்தவர்கள் 35 பேர். டைரக்டர் டகாஷி யமஸாகிதான் கிராஃபிக்ஸுக்கும் தலைவர். 2024-ல் ஆஸ்கர்!

2. லுக் பேக் (2024): படம் வரைகிற இரண்டு பள்ளிச் சிறுமிகள். 58 நிமிஷம்தான். 'அது நடக்காமல் இருந்திருந்தால்?' என்று நடுவில் ஒரு மாயத் திருப்பம் வரும். கர்ச்சீப் அவசியம். டைரக்டர் கியோடாகா ஒஷியாமா தானே உட்கார்ந்து ஏராளமாக வரைந்திருக்கிறார்.

3. ஃப்ளோ (2024): இது ஜப்பான் இல்லை, லாட்வியா. ஊரெல்லாம் வெள்ளம், படகில் ஒரு பூனை, கூடச் சில பிராணிகள். வசனமே கிடையாது. 'பிளெண்டர்' என்ற இலவச சாஃப்ட்வேரில் செய்தது. 2025-ல் ஆஸ்கர். டைரக்டர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இதற்கு முந்தின படத்தை ஒற்றை ஆளாகவே செய்து முடித்தவர்.

4. வாய்ஸஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார் (2002): பழசுதான், ஆனால் ஆபீஸ் போகிறவர்களுக்காகவே சேர்த்தேன். வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்த மகோடோ ஷின்காய், வேலையை விட்டுவிட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏறக்குறையத் தனியாகச் செய்த 25 நிமிஷப் படம். விண்வெளிக்குப் போன பெண் அனுப்புகிற எஸ்.எம்.எஸ். பூமியில் இருக்கும் பையனுக்குக் கிடைக்க, தூரம் கூடக் கூட எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. (பதில் வரவில்லை என்று பத்து நிமிஷத்தில் கோபப்படுகிறவர்கள் கவனிக்க.)

5. ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா: யூகோ ஸாகோவும் நம் ராம் மோகனும் 1990-களின் தொடக்கத்தில் சேர்ந்து தந்த இந்திய - ஜப்பானியப் படம். 2025 ஜனவரி 24-ல் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கு வந்தது. வீட்டுப் பெரியவர்களை அனிமே பக்கம் இழுக்க இதைவிட நல்ல தூண்டில் கிடையாது.

முதலில் சொன்ன 'இன்ஃபினிட்டி காஸில்'? அதற்கு முன்கதை நிறைய. டி.வி. தொடரைப் பார்க்காமல் போனால், முகூர்த்தம் முடிந்து பந்திக்கு மட்டும் போன மாதிரி இருக்கும்.

கடைசி வரி

இனிமேல் எந்த அனிமே பார்த்தாலும், முடிவில் ஓடும் பெயர்களில் காப்பிரைட் வரியைத் தேடுங்கள். 'டீமன் ஸ்லேயர்' கதாசிரியரை அடுத்து மூன்றே கம்பெனிகள். பதிப்பாளர் ஷூயேஷா, அனிப்ளெக்ஸ், மூன்றாவதாகப் படத்தை வரைந்த யூஃபோடேபிள் ஸ்டுடியோ. மியாஸாகியின் 'தி பாய் அண்ட் தி ஹெரான்' படத்துக்கு (2023) கிப்லி ஸ்டுடியோ கமிட்டியே வேண்டாமென்று சொந்தக் காசைப் போட்டது. ஜப்பானில் டிரெய்லர்கூட விடாமல் ரிலீஸ் செய்தார்கள். அதற்கும் 2024-ல் ஆஸ்கர்.

ஸ்டுடியோ பெயர் அந்த வரியில் இருந்தால், உங்கள் டிக்கெட் காசில் ஒரு துளி அங்கே போகிறது. அங்கிருந்து வரைந்த கைக்குப் போகிறதா என்பது அடுத்த கேள்வி. ஓசியில் டெலிகிராமில் இறக்கிப் பார்த்தால் முதல் கேள்விக்கே இடமில்லை. கமிட்டிக்கும் பூஜ்யம், காண்ட்ராக்டருக்கும் பூஜ்யம்.

ஆகவே படம் முடிந்ததும் எழுந்து ஓடாமல் அஞ்சு நிமிஷம் உட்காருங்கள். பெயர்களைப் படித்த புண்ணியம் ஒருபுறம், வெளியே பைக் எடுக்கிற கும்பலும் அதற்குள் கலைந்திருக்கும்!