உஷார்! ‘ஆக்டிவேட் ஆகிவிட்டது’ என்ற ஒரு வரியை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கக் கிளம்பியிருக்கிறீர்களா? பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து புது ஓ.எஸ். போட்டுத் தரச் சொல்லிக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? மதர்போர்டு போய்விட்டதா? எதுவாக இருந்தாலும் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தார்கள். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும்; இன்டெல் பிராசசராக இருந்தால் அநேகமாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் கைமாறுகின்றன. அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்கள் சென்னை ரிச்சி தெரு முதல் சின்ன ஊர்களின் சர்வீஸ் கடைகள் வரை வந்து சேர்கின்றன. கைமாறும் ஒவ்வொரு கணினியிலும் யாரோ ஒருவர் விண்டோஸ் ஏற்றுகிறார். எதை ஏற்றினார், எப்படி ஆக்டிவேட் செய்தார் என்பதை வாங்குகிறவர் கேட்பதில்லை. நான் அஞ்சுவது இந்த இடத்தைத்தான்.

கடைக்காரர் செட்டிங்ஸைத் திறந்து, ‘விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது’ என்ற வரியைக் காட்டுவார். நாமும் தலையாட்டிவிடுவோம். ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது என்பதற்காக அந்த வீடு விற்பவருக்குச் சொந்தம் என்று நம்பி யாராவது பத்திரம் பதிவார்களா? விண்டோஸை இயக்கிவிட்டார்கள் என்பதற்கு மேல் அந்த வரி எதையும் சொல்வதில்லை. லைசன்ஸ் உங்களுடையதா என்பது அதில் தெரியாது.

லைசன்ஸ் ஒரே வகை இல்லை. தனியாகக் கடையிலோ மைக்ரோசாஃப்ட் தளத்திலோ வாங்கும் ரீடெயில் லைசன்ஸ் உங்களோடு வரும். பழைய கணினியிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கணினிதான். புது லேப்டாப்போடு வருவது ஓ.இ.எம். லைசன்ஸ். அது அந்த மெஷினோடு பிறந்து அதோடே போவது, இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. மூன்றாவது, நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் வால்யூம் லைசன்ஸ். நிறுவனத்தை விட்டு லேப்டாப் வெளியே வந்தால் அந்த உரிமை அதோடு வராது. அலுவலகத்திலிருந்து கழிந்து வந்த லேப்டாப்பில் விண்டோஸ் என்டர்பிரைஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது உங்களுக்கானது அல்ல என்று அப்போதே முடிவு செய்துவிடலாம்.

வால்யூம் லைசன்ஸ் வேலை செய்யும் முறையைத்தான் திருட்டு ஆக்டிவேட்டர்கள் போலி செய்கின்றன. பெரிய நிறுவனத்தில் கே.எம்.எஸ். என்ற ஆக்டிவேஷன் சர்வர் ஒன்று இருக்கும். ஊழியர்களின் கணினிகள் அதைத் தேடிப் போய் ஆக்டிவேட் ஆகும். குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். கிடைக்கும் அனுமதி 180 நாளுக்குத்தான். ஏழு நாளுக்கு ஒருமுறை கணினி அதைப் புதுப்பிக்க முயலும். கடையில் இரண்டு நிமிடத்தில் ‘கிராக்’ போடுகிறவர் செய்வது, பெரும்பாலும், இப்படி ஒரு போலி சர்வரை உங்கள் கணினிக்குள்ளேயே உட்கார வைப்பதுதான். அனுமதி காலாவதியாகாமல் இருக்க அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, முகம் தெரியாத ஒருவர் எழுதிய புரோகிராம் அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு உங்கள் கணினியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

அதை ஏற்றும்போது ஆன்டிவைரஸை அணைத்துவிடுவார்கள். அணைக்காவிட்டால் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடித்துவிடும். வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்து தருவதால் நமக்கு ஒன்றும் தோன்றாது. ஆனால் சில இடங்களில் அந்த ஃபோல்டரை, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே, ‘இதைச் சோதிக்காதே’ என்ற விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். ஆன்டிவைரஸ் ஓடும், ஆனால் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. இப்போதே உங்கள் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புக்கான செட்டிங்ஸில் கீழே போய் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பட்டியலைப் பாருங்கள். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

இது மிகைப்படுத்திய பயமில்லை. 2011இல் மைக்ரோசாஃப்டின் குற்றத் தடுப்புப் பிரிவினர் சீனாவின் பல நகரங்களில் சாதாரணக் கடைகளில் 20 புதுக் கணினிகளை வாங்கிச் சோதித்தார்கள். போலி விண்டோஸோடு விற்கப்பட்ட அவற்றில் நான்கில் கடையிலிருந்து வரும்போதே தீநிரல் இருந்தது. நிடோல் என்ற பாட்நெட்டை, அதாவது தீநிரலால் கைப்பற்றப்பட்ட கணினிகளின் வலையை, அவர்கள் கண்டுபிடித்தது அப்படித்தான். 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கே.எம்.எஸ். பிகோ என்ற பிரபலமான ஆக்டிவேட்டரின் பெயரில் வரும் இன்ஸ்டாலருக்குள் கிரிப்ட்பாட் என்ற தீநிரல் ஒளிந்திருப்பதை வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட் விவரங்களையும் அள்ளுவதுதான் அதன் வேலை. 2025 பிப்ரவரியில் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ரஷ்ய ராணுவ உளவுத் துறையோடு தொடர்புள்ள சேண்ட்வார்ம் குழு உக்ரைனில் இதே போன்ற ஆக்டிவேட்டர்கள் மூலம் கணினிகளுக்குள் நுழைந்ததைச் சொன்னது. ஒரு நாட்டின் உளவுப் படைக்கே வாசலாகப் பயன்படுகிறது இந்தச் சின்ன ஃபைல்!

நம் ஊரில் இப்படிப்பட்ட கணினிகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். ஆடிட்டர் ஆபீசில் வாடிக்கையாளர்களின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகள் ஒரு எக்ஸல் ஃபைலில் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் ஊரார் ஆதார் நகல்கள் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். போட்டோ ஸ்டூடியோவில் பத்து வருடக் கல்யாணப் படங்கள். வீட்டில் அப்பாவின் நெட் பேங்கிங்கும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் ஒரே லேப்டாப்பில். கிராக்குகளோடு ஒட்டிக்கொண்டு வரும் ரான்சம்வேர்களும் உண்டு. ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள்; கொடுத்தாலும் திறக்கும் என்ற உறுதியில்லை.

இதில் என்னை மிகவும் நோகச் செய்வது ஒன்று உண்டு. உண்மையான லைசன்ஸ் உள்ள லேப்டாப்பிலேயே திருட்டு விண்டோஸ் ஏற்றப்படுவது. விண்டோஸ் 8 வந்த 2012 முதல், பிராண்டட் லேப்டாப்களில் விண்டோஸ் கீ மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே பதிந்து வருகிறது. அதனால்தான் பழைய லேப்டாப்களின் அடியில் இருந்த 25 எழுத்து ஸ்டிக்கர் இப்போது இல்லை. அதே எடிஷனைத் திரும்ப ஏற்றினால் போதும். இன்டர்நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஐந்து பைசா செலவில்லை. ஆனால் பெரும்பாலான வீட்டு லேப்டாப்களோடு வருவது ஹோம் எடிஷன். சர்வீஸ் கடையில் இருக்கும் ஒரே பென் டிரைவில் புரோ எடிஷன். அதை ஏற்றுவார், ஹோமுக்கான கீ புரோவுக்குப் பொருந்தாது, உடனே கிராக்கைப் போடுவார். நீங்கள் லேப்டாப் விலையோடு சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கிய உரிமை உள்ளே தூங்க, அதன் தலைமேல் திருட்டு விண்டோஸ் ஓடும். அதற்கும் சர்வீஸ் சார்ஜ் வேறு. ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் எந்த எடிஷன் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ‘ஹோம்தான் போட வேண்டும், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதாக இருக்க வேண்டும்’ என்று கறாராகச் சொல்லுங்கள். அந்த இன்ஸ்டால் ஃபைல் அங்கே இலவசமாகவே கிடைக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவ் இருந்தால் நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

மதர்போர்டு மாற்றுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கையோ ராமையோ மாற்றினால் ஆக்டிவேஷனுக்கு ஒன்றும் ஆகாது. போர்டை மாற்றினால் விண்டோஸுக்கு அது புது கணினி. ரீடெயில் லைசன்ஸ் என்றால், போர்டை மாற்றுவதற்கு முன்பே அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். பிறகு ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் ‘ஹார்டுவேரை மாற்றினேன்’ என்று சொல்லி மீட்கலாம். ஓ.இ.எம். லைசன்ஸை எந்தக் கணக்கில் இணைத்தாலும் அது வேறு மெஷினுக்கு நகராது. பழுதான போர்டை வாரண்டியில் தயாரிப்பாளரே மாற்றித் தந்தால் உரிமை தொடரும். அவர்களின் சர்வீஸ் சென்டரிலேயே லேப்டாப்பைப் போட்டு, ஆக்டிவேட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டப் செய்ததுமே டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டப்படுகிறது. பூட்டியதே பலருக்குத் தெரியாது. சாவி இருப்பது போர்டில் உள்ள டி.பி.எம்.மில். போர்டு போனாலோ, டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதுவும் திரும்ப வராது, எந்த நிபுணராலும் முடியாது. அந்தக் கீ செட்டப் செய்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். கடைக்காரர் தன் மெயில் ஐடியைப் போட்டு செட்டப் செய்து தந்திருந்தால் உங்கள் டிஸ்கின் சாவி அவர் கணக்கில் இருக்கிறது என்று பொருள்! இன்றே பாருங்கள், உங்கள் சொந்தக் கணக்கில் கீ இல்லையென்றால் எடுத்து ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.

கழிந்து வந்த அலுவலக லேப்டாப்களில் ஆட்டோபைலட் என்று ஒரு பூட்டு இருக்கக்கூடும். நிறுவனம் தன் லேப்டாப்பின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் பதிந்து வைத்திருக்கும். விற்கும்போது அதை நீக்க மறந்திருந்தால், நீங்கள் எப்போதாவது ஃபார்மட் செய்து இன்டர்நெட்டில் இணைக்கும்போது அந்த நிறுவனத்தின் லாகின் பக்கம் வந்து நிற்கும். நீக்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கே உண்டு. எனவே வாங்கும் இடத்திலேயே ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முதல் திரை முதல் கடைசித் திரை வரை உங்கள் கண் முன்னால் செட்டப் செய்து காட்டச் சொல்லுங்கள். நேரம் எடுக்கும்தான். ‘அதெல்லாம் முடியாது சார்’ என்றால் வேறு கடையைப் பாருங்கள்.

அங்கேயே இன்னொரு சோதனை. விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, எக்ஸ், பி, ஆர் என்று அடித்து என்டர் தட்டுங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரவேண்டும். காலாவதித் தேதி ஒன்று வந்தால் அது உங்களுக்கு விற்கத்தக்க லைசன்ஸ் அல்ல. 2038ஆம் ஆண்டு தேதி வந்தாலும் ஏமாறாதீர்கள். அதுவும் ஒரு வகைக் கிராக்கின் அடையாளமே. ஆனால் ‘நிரந்தரம்’ என்று காட்ட வைக்கும் தில்லுமுல்லுகளும் உண்டு. ஆகவே பில்லில் விண்டோஸ் எடிஷனையும் லைசன்ஸ் வகையையும் எழுதி வாங்குங்கள்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கீகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். விண்டோஸ் 11 ஹோமின் உண்மை விலை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். அதைச் சில நூறுக்கு விற்க யாருக்கும் வழியில்லை. வெளியே கசிந்த வால்யூம் கீயைப் பலருக்கும் விற்பதே அநேகமாக நடப்பது. மைக்ரோசாஃப்ட் அதை முடக்கும் நாளில் உங்கள் திரையில் மறுபடி ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ வந்து நிற்கும். விண்டோஸ் 7 ஸ்டிக்கரில் உள்ள கீயைக் கொண்டு விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். அந்த வழியை 2023 செப்டம்பரிலேயே அடைத்துவிட்டார்கள்.

தொழில் செய்கிறவர்களுக்குச் சட்டமும் காத்திருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைக் கணினியில் பயன்படுத்தினால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குறைந்தது ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லை என்றால் மட்டும் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு.

பணமில்லை என்பது நியாயமான காரணம்தான். பழைய கணினிக்கு லினக்ஸ் போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும், உபுண்டு, மின்ட் போன்றவற்றிலும் பிரவுசர், தமிழ் டைப்பிங், லிப்ரே ஆபீஸ் எல்லாம் இலவசமாக ஓடுகின்றன. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் பணம் சேரும்வரை ஆக்டிவேட் செய்யாமல் வைத்திருப்பதுகூட கிராக்கைவிட எவ்வளவோ மேல். விதிப்படி அதுவும் சரியில்லை. ஆனால் பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும், மூலையில் ஒரு வாசகம் தெரியும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே உங்கள் கணினியில் கிராக் இருக்கிறது என்று சந்தேகமா? அந்தப் புரோகிராமை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியடையாதீர்கள். படங்களையும் டாக்குமென்டுகளையும் மட்டும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர் ஃபைல் ஒன்றையும் எடுக்க வேண்டாம். டிஸ்கை முழுவதும் அழித்து, லேப்டாப்போடு வந்த அதே எடிஷனை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி ஏற்றுங்கள். மெயில், வங்கி, ஜி.எஸ்.டி. என எல்லா பாஸ்வேர்டுகளையும் சந்தேகமில்லாத வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அதுவரை தயவுசெய்து அந்தக் கணினியில் நெட் பேங்கிங்கைத் திறக்காதீர்கள்.