நாடாளுமன்றம் இருக்கும் மாவட்டத்தில் குறைந்துபோன மக்கள்

புது தில்லி: நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவர் மாளிகையும் அமைந்துள்ள புது தில்லி மாவட்டத்தில் 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,79,112 பேர் வசித்தனர். 2011-இல் இந்த எண்ணிக்கை 1,42,004 ஆகச் சுருங்கியது. ஐந்தில் ஒருவர் குறைந்துவிட்டார். அதே பத்தாண்டில் தில்லி முழுவதன் மக்கள் தொகையோ 1.38 கோடியிலிருந்து 1.68 கோடியாக உயர்ந்தது.

தரியாகஞ்ச், பஹாட்கஞ்ச், கரோல் பாக் வட்டங்களைக் கொண்டிருந்த மத்திய தில்லி மாவட்டத்திலும் இதே நிலைதான். அங்கு 6.46 லட்சமாக இருந்த மக்கள் தொகை 5.82 லட்சமாகக் குறைந்தது. வடகிழக்கு தில்லியில் ஒரு சதுர கிலோ மீட்டருக்கு 36,155 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தபோது, புது தில்லி மாவட்டத்தில் 4,057 பேர் மட்டுமே இருந்தனர்.

காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பழைய நகரத்து வீடுகள் பல கடைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. அமைச்சர்களும் எம்.பி.க்களும் வசிக்கும் பங்களா பகுதியில் புதிய கட்டடங்களுக்கு 1988 முதல் கடும் கட்டுப்பாடு உள்ளது. ஆனால், இவை பாதி விளக்கமே. மீதி விளக்கம் குடிசை அகற்றத்தில் இருக்கிறது.

2004 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில், ராஜ்காட்டை அடுத்த யமுனைக் கரையில் 'யமுனா புஷ்தா' குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. உரிய சான்றுகள் வைத்திருந்தவர்களுக்கு பவானா, ஹோலம்பி கலான் போன்ற தொலைதூரப் பகுதிகளில் மனை கிடைத்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. அப்பகுதிகள் அடங்கியிருந்த வடமேற்கு மாவட்டத்தின் மக்கள் தொகை அந்தப் பத்தாண்டில் 28.6 லட்சத்திலிருந்து 36.5 லட்சத்தைத் தாண்டியது. மையத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள் மறைந்துவிடவில்லை, விளிம்பில் சேர்ந்தனர். வேலை மட்டும் மையத்திலேயே இருந்தது.

இந்தப் போக்கு அத்துடன் ஓயவில்லை. தென்கிழக்கு தில்லியின் ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் கரையில் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த 'மதராஸி கேம்ப்', உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. சுமார் 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே நரேலாவில் வீடு பெறத் தகுதி உண்டு என முடிவானது. சுற்றுப்புறக் காலனிகளில் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்களுக்கு, நகரின் வட கோடியில் உள்ள நரேலா வீடு எந்த அளவுக்குப் பயன்படும் என்பது எளிதில் விளங்கும்.

எண்ணிக்கையிலும் குழப்பம் உண்டு. புது தில்லி என்ற பெயரில் மாவட்டம் ஒன்று, நகராட்சி கவுன்சில் ஒன்று, மக்களவைத் தொகுதி ஒன்று. மூன்றின் எல்லையும் வேறு. 2011-இல் கவுன்சில் பகுதியில் 2,57,803 பேர் இருந்தனர். மக்களவைத் தொகுதியிலோ வாக்காளர்களே சுமார் 15 லட்சம். போதாக்குறைக்கு, 1997-இல் ஒன்பதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்கள் 2012-இல் பதினொன்றாயின. அப்போது கன்டோன்மென்ட், வசந்த விஹார் ஆகியவை புது தில்லி மாவட்டத்தில் சேர்ந்தன. மாவட்டங்களை 13 ஆக உயர்த்த 2025 டிசம்பரில் தில்லி அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால், பதினொரு மாவட்ட அமைப்பு தனக்கென ஒரு கணக்கெடுப்பைக் காணாமலேயே போனது.

இது வெறும் அலுவலகச் சிக்கல் அன்று. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தில்லிக்கு நிர்ணயிக்கப்பட்ட வரம்பு சுமார் 72.78 லட்சம் பேர். அதற்கு அடிப்படை 2011-ஆம் ஆண்டுக் கணக்கு. அதன்பின் பிறந்தவருக்கும் பிழைப்புத் தேடி வந்தவருக்கும் அந்த வரம்புக்குள் இடம் காலியானால்தான் ரேஷன் அட்டை.

மத்திய அரசு அறிவித்த அட்டவணைப்படி, வீட்டுப் பட்டியல் தயாரிக்கும் பணி 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். பங்களாக்களின் முன்வாசலில் பெயர்ப் பலகை இருக்கிறது. பின்புறத்தில், வேலையாட்கள் குடும்பத்துடன் தங்கியிருக்கும் ஓரறைக் குடியிருப்புகளின் கதவுகளையும் கணக்கெடுப்பாளர்கள் தட்டியாக வேண்டும்.