கணக்குப் புத்தகத்தின் வரிசையும் மாணவரின் மறதியும்

மனிதர் எவ்வாறு கற்கின்றனர், கற்றதை எவ்வாறு மறக்கின்றனர் என்பது குறித்த சோதனை ஆய்வு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டபோதிலும், அதன் மிக உறுதியான முடிவுகள்கூடப் பள்ளிப் பாடநூலின் அமைப்பை இன்றளவும் பெரிதாக மாற்றிவிடவில்லை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தொடராக அடுக்கித் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்பதை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். 12 அசைகள் கொண்ட ஒரு தொடரை ஒரே நாளில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களுக்குப் பிரித்து வெறும் 38 முறை சொல்லியே ஏறத்தாழப் பெற முடிந்தது என்பது அவருடைய கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகும். பயிற்சியை ஒரே அமர்வில் குவிக்காமல் நாள்களுக்கிடையே பிரித்து வைப்பதை இன்றைய ஆய்வாளர்கள் இடைவெளிப் பயிற்சி என்கின்றனர். 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இதனைச் சோதித்த 317 சோதனைகளை ஒருங்கே எடுத்து ஆராய்ந்து, இடைவெளியின் பயனை உறுதிசெய்தது.

இதற்கு இணையாக வளர்ந்த மற்றோர் ஆய்வு, தேர்வைப் பற்றியது. தேர்வு என்பது ஏற்கெனவே கற்றதை அளக்கும் கருவி மட்டுமே என்பது பொதுவான எண்ணம். ஆனால் ஒன்றை நினைவிலிருந்து முயன்று வெளிக்கொணரும் செயலே அந்த நினைவை வலுப்படுத்துகிறது. செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் நின்றதைத் தாளில் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர்; ஒரு வாரம் கழித்தோ அந்த நிலை தலைகீழாகி, படித்தவர் 42 விழுக்காட்டிலும் எழுதியவர் 56 விழுக்காட்டிலும் நின்றனர். ஆய்வுக்கூடத்தில் கண்ட இந்த விளைவு பள்ளியிலும் நிற்குமா என்பதை இல்லினாய் மாநிலத்தின் கொலம்பியா என்னும் சிற்றூரிலுள்ள நடுநிலைப் பள்ளியில் ரோடிகர் குழுவினர் சோதித்தனர். எட்டாம் வகுப்பு அறிவியலில், மதிப்பெண் அச்சமின்றி நடத்தப்பட்ட சிறு வினாக்களில் இடம்பெற்ற பகுதிகளில் மாணவர் சராசரியாக 92 விழுக்காடும், இடம்பெறாத பகுதிகளில் 79 விழுக்காடும் பெற்றனர்.

தமிழகப் பள்ளிகளில் ‘சிலிப் டெஸ்ட்’ என்று வழங்கும் சிறுதேர்வு தோற்றத்தில் இதுவே எனினும், முந்தைய நாள் நடத்திய பாடத்தோடு அது பெரும்பாலும் நின்றுவிடுவதாலும், தவறியவரைக் கண்டிப்பதற்கும் இம்போசிஷன் எழுதவைப்பதற்கும் அது பயன்பட்டுவருவதாலும், ஆய்வு சுட்டும் பயனில் பாதியையாவது இழந்துவிடுகிறது எனலாம்.

இவ்விரண்டையும்விடப் பாடநூலோடு நேரடியாக மோதுவது மூன்றாவது கண்டுபிடிப்பு. கணக்குப் புத்தகம் ஒன்றில் எதிர் விகிதம் என்னும் தலைப்பின்கீழ் பத்துக் கணக்குகள் உள்ளன எனக் கொள்வோம். ஆள்களின் எண்ணிக்கை கூடினால் வேலை முடியும் நாள் குறையும் என்பதை முதல் கணக்கிலேயே அறிந்துகொண்ட மாணவர், எஞ்சிய ஒன்பதையும் வினாவை முழுமையாகப் படிக்காமலேயே பெருக்கி வகுத்து முடித்துவிடலாம். ஏனெனில் எந்த முறையைக் கையாள வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வுத்தாளிலோ தலைப்பு இருப்பதில்லை. நேர் விகிதமா, எதிர் விகிதமா, தனிவட்டியா என்று இனங்காணும் திறன் அங்குதான் தேவைப்படுகிறது, அந்தத் திறனுக்கோ பயிற்சியே அளிக்கப்பட்டிருப்பதில்லை. “கணக்குத் தெரியும், ஆனால் தேர்வில் குழம்பிவிட்டான்” என்று பெற்றோர் ஆறுதல் கொள்வதில் உண்மை இல்லாமலில்லை: செய்முறை தெரிந்திருக்கிறது, தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

வெவ்வேறு வகைக் கணக்குகளை விரவி வைப்பதைக் கலவைப் பயிற்சி எனலாம். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக் ரோரர், கெல்லி டெய்லர் என்பாருடன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணக் கற்றனர். பயிற்சியின்போது, ஒரே வகையைத் தொடர்ந்து செய்தவர் 89 விழுக்காடு சரியாகச் செய்ய, கலந்து செய்தவர் 60 விழுக்காடே சரியாகச் செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர் 20 விழுக்காட்டுக்கு வீழ்ந்தனர். பின்னவர் 63 விழுக்காட்டில் நின்றனர். பின்னர் அதே ஆய்வாளர் தலைமையில் ஃபுளோரிடாவின் ஏழாம் வகுப்புகள் 54இல் நடந்து 2020இல் வெளியான பெரிய சோதனையில், இரு பிரிவினரும் நான்கு மாத காலம் வெவ்வேறு வரிசையில் கணக்குகளைச் செய்தனர். மீள்பார்வைக்கு ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி நடத்தப்பட்ட தேர்வில், கலவைப் பிரிவினர் 61 விழுக்காடும் மற்றவர் 38 விழுக்காடும் பெற்றனர். புதிய கருவியோ பாடத்திட்ட மாற்றமோ இன்றி, வீட்டுப்பாடத் தாளின் வரிசையை மாற்றியதால் விளைந்த வேறுபாடு இது. அமெரிக்கக் கணக்குப் பாடநூல்கள் ஆறினை ஆராய்ந்தபோது, அவற்றின் 13,505 பயிற்சி வினாக்களுள் கலவை முறையில் அமைந்தவை 9.7 விழுக்காடே என்றும் அக்குழுவினர் கண்டனர்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இயலின் இறுதியில் ‘பல்வகைத் திறனறி பயிற்சிக் கணக்குகள்’ என்றொரு பகுதி இருப்பினும், அந்தப் பல்வகையும் அந்த இயலுக்கு உட்பட்டதே. 2012-13ஆம் கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கொண்டுவரப்பட்ட முப்பருவ முறை புத்தகச் சுமையைக் குறைத்தது பாராட்டத்தக்கதே; ஆனால் ஒவ்வொரு பருவத்திற்கும் தனி நூலும் தனித் தேர்வும் என அமைந்ததால், முதற்பருவப் பாடம் தேர்வு முடிந்ததும் கண்ணைவிட்டு மறைய வழி ஏற்பட்டது. பத்தாம் வகுப்பிலோ ஆண்டு முழுதும் பரவ வேண்டிய மீள்பார்வை, திருப்புதல் தேர்வு என்னும் பெயரில் ஆண்டின் கடைசி மாதங்களில் குவிகிறது. எண்சுவடியை நாள்தோறும் ஒப்பிக்கச் செய்த திண்ணைப் பள்ளி, பிற குறைகள் எத்தனை இருந்தபோதிலும், பழைய பாடத்தை விட்டுவிடாத இந்த ஒன்றில் இன்றைய வகுப்பறைக்கு முன்னே நின்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

இத்துணைத் தெளிவான முடிவுகள் ஏன் வகுப்பறையை எட்டவில்லை என்பதற்கு, அவற்றின் எண்களிலேயே விடை உள்ளது. 89 விழுக்காடு சரியாகச் செய்யும் வகுப்பு நன்கு கற்பதாகவும், 60 விழுக்காட்டில் தடுமாறும் வகுப்பு பின்தங்கியதாகவும் ஆசிரியர், பெற்றோர், மேற்பார்வை அலுவலர் அனைவர் கண்ணுக்கும் படும். மாணவருக்கும் தம்மைப் பற்றி அவ்வாறே தோன்றும். கற்கும்போது உணரப்படும் எளிமையைக் கற்றதன் அடையாளமாகக் கொள்ளும் இந்த மயக்கத்தைக் கருத்தில் கொண்டே, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியோர்க், கற்பவருக்கு நன்மை பயக்கும் தடைகளை ‘விரும்பத்தக்க இடர்ப்பாடுகள்’ என 1994இல் குறித்தார். வகுப்பு சரளமாக நடப்பதைக் கொண்டே ஆசிரியரை மதிப்பிடும் ஆய்வுமுறை நீடிக்கும்வரை, இவற்றைக் கையாளத் துணியும் ஆசிரியருக்கு நற்பெயர் கிட்டுவது அரிது.

இவற்றைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்ளவும் இடமில்லை. புதிய செய்முறையை முதன்முதலாகக் கற்கும் மாணவருக்கு அதே வகைக் கணக்குகள் சில தொடர்ந்து தேவை. தொடக்கத்திலேயே கலப்பது இடர்ப்பாட்டை விரும்பத்தகாததாக்கிவிடும். தவறு நேர்ந்தால் சரியான விடை உடனுக்குடன் விளக்கப்பட வேண்டும். கலவைத் தாளை முடிக்க நேரமும் கூடுதலாகவே ஆகிறது. புதிய ஆசிரியர்களுக்காக இங்கிலாந்து அரசு 2019இல் வெளியிட்ட பயிற்சிச் சட்டகத்தில் நினைவு, இடைவெளி, மீட்டெடுப்பு ஆகியவை இடம்பெற்றபோதிலும், அந்நாட்டின் கல்வி அறக்கொடை அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட மதிப்பாய்வு, ஆய்வுக்கூடச் சான்று வலுவாக இருக்குமளவுக்கு இயல்பான வகுப்பறைகளிலிருந்து கிடைக்கும் சான்று பெருகவில்லை எனச் சுட்டிக்காட்டியது.

பாடநூல் திருத்தப்படும் காலம்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி ஆசிரியர் கையில் உள்ளது: பத்துக் கணக்குகள் கொண்ட வீட்டுப்பாடத்தில் ஆறினை அன்றைய இயலிலிருந்தும், எஞ்சியவற்றைச் சென்ற மாதத்திலிருந்தும் முந்தைய பருவத்திலிருந்தும் எடுத்து, எது எந்த இயலைச் சேர்ந்தது எனக் குறிக்காமல் தருவதே அது. அவ்வாறு தொடங்கும் ஆசிரியர், முதல் சில வாரங்களில் மாணவரின் விடைகளில் தவறுகள் மிகும் என்பதைப் பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.