தொழில் முனைவுப் பயிற்சியும் கோயிலும் குடும்பமும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தறிக்குடும்பங்களையும் பூ விவசாயக் குடும்பங்களையும் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும் தொழில் முனைவோர் பயிற்சியை நாடிச் செல்வது இன்று புதுமையன்று. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்திவரும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பத்து நாட்கள் முதல் ஒன்றரை மாதம் வரையிலான வகுப்புகள் இலவசமாக நடைபெறுகின்றன. உணவும் தங்குமிடமும் அங்கேயே கிடைக்கின்றன. எனினும் ஒரு வீட்டில் யாரேனும் இப்பயிற்சியில் சேர விரும்பினால், வாசற்படி தாண்டுமுன்பே சில கேள்விகள் எழுகின்றன. விரதமும் திருவிழாவும் என்ன ஆவது? தறிக்குத் தார் சுற்றுவது யார்? நாலெழுத்துக் கணக்குப் படித்தபின் பிள்ளையின் மனம் வீட்டையும் கோயிலையும் விட்டு வேறுதிசையில் சென்றுவிடாதா?

இக்கேள்விகளை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு தள்ளமாட்டோம். ஒரு தறி நிற்காமல் ஓடுவதற்கு ஒரு குடும்பமே உழைக்கவேண்டியிருக்கிறது என்பதை அறிந்தவர்கள் எழுப்பும் கேள்விகள் இவை.

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். இதனைப் பெரிய அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். இந்து சமயமும் சாதிமுறையும் புதுத்தொழில் இந்நாட்டில் தானாக முளைக்க இடந்தரவில்லை என்னும் கருத்துப்பட, ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர் 1916-ஆம் ஆண்டையொட்டி எழுதினார். அவர் கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. பக்தி ஒருபுறம், தொழில் மறுபுறம், இரண்டிலொன்றைத் தேர்ந்துகொள் என்று சொல்வதுபோல அது அமைந்தது. 1964-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் டேவிட் மெக்லெலண்ட் என்பார், ஐதராபாத்திலிருந்த சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிலையத்தின் துணையுடன் இதனைச் சோதித்துப் பார்த்தார். ஆந்திரத்துக் காக்கிநாடா நகரைச் சேர்ந்த 52 பேருக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுடைய பூசையையோ குடும்ப வழக்கத்தையோ யாரும் மாற்றச் சொல்லவில்லை. தமக்கென ஓர் இலக்கை வரையறுத்துக்கொள்ளவும், அளவறிந்து துணியவும், செய்ததன் பயனை அளந்து பார்க்கவும் மட்டுமே கற்பித்தார்கள். பின்னர் விசாரித்தபொழுது, பயிற்சி பெற்றோர் பெறாதோரைக் காட்டிலும் கூடுதலாக முதலீடு செய்து, கூடுதலானவர்களுக்கு வேலை தந்திருந்தனர். பழைய நம்பிக்கைகள் தொழில் முனைவுக்குத் தடையாக நிற்கவில்லை என்ற முடிவே இச்சோதனையிலிருந்து பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. சோதனை நடத்திய அந்நிலையம் இன்றும் வேறு பெயரில் ஐதராபாத்தில் இயங்கிவருகிறது.

உண்மையில் நாம் காக்கிநாடாவரை போகவேண்டிய அவசியமில்லை. நம்மூர் வழியாகச் செல்லும் ரயில் பாதையின் மறுமுனையிலுள்ள விருதுநகரைப் பார்த்தாலே போதும். அங்குள்ள வணிகர்களிடையே மகமை என்றொரு வழக்கம் இருந்தது. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு ஒதுக்கிவிடுவார்கள். கோயில் திருப்பணியும் பள்ளிக்கூடமும் அந்நிதியால் நடந்தன. 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். காமராசர் படித்தது அப்பள்ளியிலேதான். செட்டிநாட்டு நகரத்தாரிடத்தும் மகமை எழுதும் பழக்கம் இருந்தது. இதில் நாம் கவனிக்கவேண்டியது தருமத்தின் அளவையன்று, அது எழுதப்பட்ட இடத்தையே. தெய்வத்துக்குரிய பங்கு பேரேட்டில் ஒரு கணக்காக நின்றது. விகிதம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தமையால், திருவிழா வந்ததும் முதலில் கைவைக்கும் அவசரம் அவ்வணிகருக்கு நேரவில்லை. கடையில் நெருக்கடி வந்தபொழுது கோயில் பங்கை மறந்துவிடவும் வழியில்லை.

இன்று நம் சிறுதொழில்கள் பலவற்றில் நேர்வது இதற்கு நேர்மாறானது. தையற்கடையோ சேலை வியாபாரமோ தொடங்கிய ஒருவர், ஆடித்தபசுக்கு வரும் உறவினர் செலவையும் காதுகுத்து மொய்யையும் கடைப்பெட்டியிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த மாதம் நூல் வாங்கப் பணமில்லை. அப்பொழுது வீட்டார், "பயிற்சிக்குப் போய் என்ன கண்டாய்?" என்கிறார்கள். குறை பயிற்சியிலுமில்லை, திருவிழாவிலுமில்லை. இரண்டுக்கும் ஒரே பெட்டி இருந்ததுதான் குறை. ஓர் உதாரணம் கூறுவோம். மாதம் 20,000 ரூபாய் விற்பனையாகும் கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் வீதம் தனியே எடுத்துவைத்தால் ஓர் ஆண்டில் 4,800 ரூபாய் சேரும். கோயிலுக்கும் விருந்துக்கும் அதற்குள் செலவிடலாம் என்று குடும்பத்தில் யாவரும் அறிய முடிவு செய்துகொள்ளவேண்டும். அதற்குமேல் ஆசைப்பட்டால் அவ்வாசைக்கு வீட்டுச் செலவுப் பணம் பொறுப்பேற்கட்டும், கடை முதல் ஏற்கவேண்டாம்.

பயிற்சி நிலையங்களின் வரலாற்றிலும் சமய ஸ்தாபனத்துக்கு ஓர் இடமுண்டு என்பது பலர் அறியாத செய்தி. மேற்சொன்ன நிலையங்களுக்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்தது, கர்நாடகத்தில் தர்மஸ்தலா மஞ்சுநாதேசுவரர் பெயரால் விளங்கும் கல்வி அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து 1982-இல் உஜிரே என்னும் ஊரில் தொடங்கிய நிலையமாகும். மத்திய அரசின் கிராம அபிவிருத்தி அமைச்சகம் பின்னர் அம்முறையை ஏற்று நாடெங்கும் பரப்பியது. தர்மஸ்தலாவில் மூர்த்தி சிவபெருமான், பூசை செய்வோர் வைணவ மரபினர், நிர்வாகம் சமணக் குடும்பத்தினருடையது. பாதி சிவமும் பாதி திருமாலுமாகிய சங்கரநாராயணரை நித்தம் கும்பிடும் நம்மூராருக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது.

இனித் தார் சுற்றும் கேள்விக்கு வருவோம். மூன்றிலும் கடினமானது இதுவே. இதற்கு ஏட்டில் விடையில்லை.

பயிற்சி இலவசம் என்று விளம்பரம் சொல்கிறது. ஆனால் வீட்டுக்கு அது இலவசமன்று. தார் சுற்றுபவர் பத்து நாள் வெளியே தங்கினால் தறியில் அமர்பவர் கை சும்மா இருக்க நேரிடும். வெளியாளை அமர்த்தி நாளொன்றுக்கு 200 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், பத்து நாளைக்கு 2,000 ரூபாய் ஆகிறது. பூந்தோட்டமுள்ள வீட்டிலும் இதே கதைதான். விடியுமுன் மொட்டுப் பறிக்க ஓர் ஆள் குறைந்தால், சந்தைக்குப் பூ பிந்திப்போகும். பிந்திய பூவுக்கு விலையில்லை. இத்தொகையைப் படிப்புச் செலவு என்று முன்கூட்டியே கணக்கில் எழுதிவிட்டால், அது வீட்டுச் சண்டையாக மாறுவதற்கு இடமிராது. எழுதாமல் விட்டால், அத்தனை நாள் வேலையும் மாமியார் தலையிலோ பள்ளி செல்லும் பெண் குழந்தையின் தலையிலோ விழும். பின்பு அவர்கள் முகம் கோணுவதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

பெண்கள் விஷயத்தில் ஒன்றைத் திறந்தே சொல்லவேண்டும். ஆண்பிள்ளை பயிற்சிக்குச் சென்றால் வீட்டு வேலை யார் செய்வது என்று எவரும் கேட்பதில்லை. மருமகள் சென்றால் மட்டும் அடுப்பு, விளக்கு, வெள்ளிக்கிழமை பூசை எல்லாம் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. அவளுடைய விரதத்தைப் பெருமையாகப் பேசிக்கொண்டே அவளுடைய வகுப்பைத் தடுப்பது பக்தியாகாது என்பது நமது கருத்து. விளக்கை ஏற்றக் கணவனுக்கும் கையுண்டு. சமையலைப் பத்து நாள் கொழுந்தனாரும் பகிர்ந்துகொண்டால் குலம் தாழ்ந்துவிடாது. தங்கிப் படிக்க இயலாத கைக்குழந்தைக்காரி, தினந்தோறும் சென்றுவரும் வகுப்பு உண்டா என்று கேட்டறியலாம். இல்லையெனில் ஓராண்டு பொறுப்பதிலும் இழிவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சமன்செய்யலாம் என்று சொல்லுகிறவர்களை நாம் நம்புவதில்லை. சில வாரங்களில் படிப்பு பின்தங்கும், வேறு சில வாரங்களில் வீடு பின்தங்கும். எது எப்பொழுது பின்தங்கும் என்பதை வீட்டார் கூடி முன்பே பேசிக்கொள்வதுதான் முக்கியம்.

கூட்டுறவின் மூதாதையர்களும் இவ்வாறே செய்தார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர், வாரந்தோறும் சில பென்ஸ் சேர்த்து, ஆளுக்கொரு பவுன் பங்குடன் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் கடை திறந்தார்கள். பகலில் வேலை இருந்தமையால் ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு நாள் மாலைநேரத்தில் மட்டுமே கடை நடந்தது. வேலையை விட்டுவிட்டு யாரும் வியாபாரத்தில் குதிக்கவில்லை. சமயத்தில் யார் எவ்வழி நின்றாலும் சங்கத்தில் பேதமில்லை என்றார்கள். பிற்பாடு உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கி வாசகசாலை நடத்தினார்கள். நம் சங்கங்களின் நிகர லாபத்திலும் ஒரு பங்கு கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் சென்றுகொண்டிருக்கிறது. அங்கத்தினர்கள் பொதுக்குழுவில் எழுந்து, அக்கல்வி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்பொழுது, எந்த வடிவில் கிட்டும் என்று கேட்பது முறையானதே.

கடைசியாகக் காலத்தைப் பற்றிச் சில சொற்கள். பயிற்சி அறிவிப்பு வந்ததும் முதலில் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். ஆடித்தபசு 12 நாள் விழா. அதன் தேதிகள் முன்னதாகவே தெரியும். கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் தலைமுறைகளாக நெசவு செய்துவந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு ரமலான் நோன்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவதால், சென்ற ஆண்டுக் கணக்கு இவ்வாண்டுக்கு உதவாது. பூ விவசாயிக்கு முகூர்த்தம் நிறைந்த வைகாசி, ஆவணி, தை மாதங்களில் தோட்டத்தைவிட்டு நகர இயலாது. பனியால் மல்லிகை குறைந்து, கலியாணமும் இல்லாத மார்கழி அவருக்கு ஏற்ற மாதம். தறிக்காரருக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய மாதங்கள் ஆகா. தைக்குப் பின்னர் மாசி பங்குனியில் சற்று மூச்சுவிடலாம். விண்ணப்பத்தில் தொகுப்பைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தால், தங்கள் மாதத்தைத் தயங்காமல் குறிப்பிட்டு எழுதுக. பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டுவரை வந்து விசாரித்து உதவுவது அந்நிலையங்களின் கடமைகளுள் ஒன்று. ஆதலால் வீட்டில் ஒரு தடங்கல் நேர்ந்து தொழில் சில மாதம் தாமதித்தாலும், ஆசிரியரிடம் மீண்டும் சென்று கேட்கக் கூச்சப்படவேண்டியதில்லை.