சூரனுக்கு அழுதவர் யார்?

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணை வீதி வழியே தீவகஞ் செல்வோர்க்கு முதற்கண் எதிர்ப்படுவது மண்டைதீவு. அவ்வூரிலே வளர்ந்த எமக்கு இளமையிற் கேட்ட கதைகளுள் யாவற்றினும் பெரியது சூரபன்மன் கதையே. கந்தசட்டி நாள்களிலே கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இசையோடு படிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஆறாம் நாள் மாலை சூரன் போர். மரத்தாற் செய்த சூரனை இளைஞர் தோளிற் சுமந்து ஆட்டி வருவர். யானைத்தலை கழன்று சிங்கத்தலை ஏறும். அதுவுங் கழன்று சூரன் தலை ஏறும். ஈற்றில் மாமரக் கொப்பும், சேவலும் மயிலும் தோன்றும். கூடியிருப்போர் அரோகரா என்று ஆரவாரிப்பர்.

அத்தகைய மாலையொன்றில், பாட்டியாரின் சேலைத் தலைப்பைப் பற்றி நின்ற யாம், "ஆச்சி, சூரனுக்கு ஆர் அழுவினம்?" என்று கேட்டோம். "சத்தம் போடாமற் கும்பிடு, மோனை" என்பதே கிடைத்த விடை. அவ்விடையிலே பத்தி இருந்தது. ஆயினும் வினா தீர்ந்துவிடவில்லை. பிற்காலத்திலே நூல்களைக் கற்குந்தோறும் அவ்வினா எம்மைத் தொடர்ந்து வந்தது. கதையிற் பகைவனாக நிற்பவன் பக்கத்தில் நின்று அக்கதையை நோக்கினால் யாது புலப்படும்? அவ்வாறு நோக்குதல் முறையாகுமா? முறையாயின் அதன் எல்லை யாது? இவற்றை ஈண்டு ஆராய்வாம்.

மேனாட்டிலே இம்முயற்சி இக்காலத்திற் பெருவழக்காகிவிட்டது. அமெரிக்க ஆசிரியராகிய பிராங்க் போம் என்பார் 1900 ஆம் ஆண்டிலே ஓஸ் என்னும் கற்பனை நாட்டைப் பற்றிச் சிறுவர்க்கு ஒரு கதை எழுதினார். டொரதி என்னுஞ் சிறுமியின் வீடு சூறைக்காற்றினால் தூக்கிச் செல்லப்பட்டு அந்நாட்டில் வீழ்கின்றது. அதன்கீழ் நசுங்கிக் கிழக்குத் திசைச் சூனியக்காரி இறக்கின்றாள். இறந்தவளின் பாதணி சிறுமிக்கு உரியதாகின்றது. மேற்குத் திசைச் சூனியக்காரி அச்சிறுமி வீசிய நீரினாற் கரைந்து மடிகின்றாள். நூல் முழுவதிலும் இம்மேற்றிசையாளுக்குப் பெயர் ஒன்று இல்லை. 1939 ஆம் ஆண்டிலே வெளிவந்த திரைப்படம் சூனியக்காரிகள் இருவரையும் உடன்பிறந்தாராக்கிற்று. 1995 ஆம் ஆண்டிலே கிரெகரி மகுவயர் என்னும் ஆசிரியர் பெயரில்லாத அவளைத் தலைவியாக்கி ஒரு நாவல் செய்தார். போமின் பெயரிலுள்ள மூன்று முதலெழுத்துகளின் ஒலியைச் சேர்த்து எல்பபா என்று அவளுக்குப் பெயரும் இட்டார். அந்நாவல் 2003 இல் இசைநாடகமாகவும் 2024 இல் திரைப்படமாகவும் உலகெங்கும் பரவியது.

இவ்வாறு கதையைத் திருப்பிச் சொல்லும் ஆசிரியர் கையாளும் முறைகளைத் தொகுத்து நோக்கின் அவை மூன்றாதல் காணலாம். கதை தொடங்கும் இடத்தை மாற்றுதல் ஒன்று. பகைவன் செய்த தீங்கிலே தொடங்காது, அவன் பிறப்பிலும் வளர்ப்பிலும் தொடங்கினால், அவன் செய்தது எதிர்வினையாகத் தோன்றும். பெயரும் உறவுங் கொடுத்தல் இரண்டாவது. தாயும் தங்கையும் உடையவன் என்று அறிந்த பின் ஒருவனை வெறும் அரக்கன் என்று தள்ளிவிடுதல் அரிது. ஒரே நிகழ்ச்சியை அவன் கண்ணாற் காட்டுதல் மூன்றாவது. சிறுமிக்கு நற்பேறாகக் கிடைத்த பாதணி, மற்றவளுக்குத் தன் தங்கையின் பிணத்திலிருந்து அந்நியர் கழற்றிக் கொண்ட பொருளாகும். நிகழ்ச்சி ஒன்றே, நிற்கும் இடம் வேறு.

இஃது எமக்குப் புதியதோவெனின், அன்று. வங்கத்திலே மைக்கேல் மதுசூதன தத்தர் 1861 ஆம் ஆண்டிலே மேகநாதனைத் தலைவனாக வைத்துக் காவியம் இயற்றினார். தமிழகத்திலே 1943 ஆம் ஆண்டில் இராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் பற்றி அறிஞர் அண்ணாதுரை ஒருபாலும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர் மறுபாலும் நின்று சொற்போர் நிகழ்த்தினர். அவ்வெழுச்சியிலே தோன்றியது புலவர் குழந்தை இயற்றி 1946 இல் வெளியிட்ட இராவண காவியம். தமிழகக் காண்டம் முதலாகப் போர்க் காண்டம் ஈறாக ஐந்து காண்டங்களும் 3100 பாடல்களும் கொண்ட பெருநூல் அது. சென்னை மாகாண அரசு 1948 இல் அதனைத் தடை செய்தது; 1971 இல் தடை நீக்கப்பட்டது. எமது நாட்டிலும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரங்கேற்றிய இராவணேசன் என்னுங் கூத்து, வீழ்ச்சியை நோக்கிச் செல்லும் ஒரு பேரரசனின் உள்ளத்தைக் காட்டி அவையோரை ஈர்த்தது.

இராவண காவியத்தின் செய்யுள் வளத்தை அதன் கொள்கையை ஏலாதாரும் மதிப்பர். அஃது ஒரு காலத்தின் குரல். இழிவுபடுத்தப்பட்டோம் என்று கருதிய மக்களின் மறுமொழி. ஆயினும் கதை சொல்லும் முறை பற்றி ஒன்று கூறல் வேண்டும். அந்நூலிலே பகைவனுக்குரிய ஆசனம் ஒழிக்கப்படவில்லை. அதில் இருப்பவரே மாற்றப்பட்டனர். இராவணன் குற்றமற்ற தலைவன் ஆகுமிடத்து, மறுபக்கத்தார் வஞ்சகர் ஆதல் வேண்டியதாயிற்று. ஓஸ் நாட்டுக் கதையிலும் சூனியக்காரி நல்லவள் ஆனவுடன் மந்திரவாதி தீயவன் ஆகின்றான். ஒருவனைத் தூக்கி நிறுத்துதற்கு மற்றொருவனைக் கீழே தள்ளும் இம்முறையினால், கேட்போர் வெறுக்கும் ஆளை மாற்றிக் கொள்வரேயன்றி, வெறுத்தலை விடுவாரல்லர்.

சைவ மரபு இராவணனை வேறொரு வகையாற் போற்றி வந்தது. திருஞானசம்பந்தர் திருப்பதிகங்கள் மிகப் பலவற்றில் எட்டாம் பாடல் அவனைக் குறிப்பது; திருநாவுக்கரசரும் பல பதிகங்களின் இறுதியிலே அவனை நினைக்கின்றார். கயிலையைப் பெயர்த்த செருக்கும், விரலின்கீழ் நெரிந்த துன்பமும், இசை பாடி அருள் பெற்ற பேறும் ஆகிய மூன்றும் அங்கே கூறப்படுகின்றன. குற்றம் மறைக்கப்படவில்லை, அருளும் மறுக்கப்படவில்லை. திருகோணமலையிலே மலைப்பிளவை இராவணன் வெட்டு என்றும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அவன் தன் தாய்க்கு இறுதிக்கடன் ஆற்றிய இடம் என்றும் மக்கள் வழங்குவர். தாயின் பொருட்டுக் கலங்கிய மகனாக அவனை நினைக்கும் நெஞ்சமே அவ்வழக்கிலே தெரிகின்றது.

இனிச் சூரன் கதைக்கு வருவாம். கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தைச் சூரன் வதையை மட்டும் எடுத்துக் கேட்போர் அறியாத பகுதிகள் பல அதில் உள. தேவரிடம் தோற்று நலிந்த அசுரர் குலத்தை மீட்கவே மாயை காசிபரை அடைந்து மக்களைப் பெறுகின்றாள். சூரபன்மன், சிங்கமுகன், தாரகன், அசமுகி ஆகியோர் அவர்தம் மக்கள். தந்தை அவர்க்கு அறத்தை உபதேசிக்கின்றார். தாயோ அதனை மறுத்து, வலிமையும் செல்வமுமே வேண்டற்பாலன என்கின்றாள். இருவேறு சொற்களுக்கிடையில் நின்ற மைந்தர் தாய் சொல்லை மேற்கொள்கின்றனர். மேலே கூறிய முதலாம் முறையை, அதாவது பகைவன் பிறப்பிலும் வளர்ப்பிலும் கதையைத் தொடங்குதலைக் கச்சியப்பரே செய்துவிட்டார்.

அடுத்து அசமுகியின் செய்தி. சீகாழிச் சோலையிலே மறைந்திருந்த இந்திராணியைக் கண்ட அவள், தமையனுக்குக் கொடுத்தற்பொருட்டுப் பற்றி இழுக்கின்றாள். காவல் நின்ற மாகாளர் அவள் கையை வெட்டுகின்றார். கேட்போர்க்கு அது தக்க தண்டமே. ஆனால் வீரமகேந்திரபுரியின் அரசவையிலே இருந்தவன் கண்டது யாது? குருதி சோரக் கையிழந்து வந்து கதறும் தங்கையையே. அக்கதறலினின்றும் புறப்பட்டதே பானுகோபன் விண்ணுலகின்மேற் படையெடுத்துச் சயந்தனையும் தேவரையும் சிறைப்பிடித்தமை.

ஈண்டு ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. இராவணன் கதையிலே மூக்கும் காதும் இழந்த சூர்ப்பனகை. சூரன் கதையிலே கையிழந்த அசமுகி. கடல் கடந்த நாட்டுக் கதையிலே வீட்டின்கீழ் நசுங்கிய உடன்பிறந்தாள். மூன்று பகைவர்க்கும் சினத்தின் வாயில் தங்கைக்கு நேர்ந்த தீங்கே. புலவர் வெவ்வேறு காலத்தில் இவ்வாறு அமைத்தமை தற்செயலாயினும், அதில் உண்மை ஒன்று உண்டு. தன் வீட்டார் பட்ட புண்ணைக் கண்டவன், அவர் பிறர்க்கு முன்பு இழைத்த தீங்கைக் காணான். சூர்ப்பனகையும் அசமுகியும் பிறர் மனையாளைக் கவர முனைந்தவர் என்பது தமையன்மார் செவியிற் புகவில்லை. பகைமை பெரும்பாலும் பொய்யிற் பிறப்பதில்லை. பாதி உண்மையிலே பிறக்கின்றது.

ஆயினும் கச்சியப்பர் சூரன் குற்றத்தைக் குறைக்கவில்லை. தேவரைக் கடலில் மீன் பிடித்துச் சுமக்க ஏவியதையும், சிறையில் வாட்டியதையும் விரிவாகவே பாடுகின்றார். சிறை விடுக என்று தம்பி சிங்கமுகன் அவையிலே எடுத்துரைத்தும் சூரன் கேட்கவில்லை. எனவே அறியாமற் செய்தான் என்பதற்கும் இடமில்லை. துயரத்தைக் காட்டுதல் வேறு. விடுதலைத் தீர்ப்பு அளித்தல் வேறு என்பதைப் புலவர் தெளிந்திருந்தார்.

காவியத்தின் உச்சியிலே இன்னும் வியத்தகு பகுதி ஒன்று வருகின்றது. முருகப்பெருமான் போர்க்களத்திலே பேருருவைக் காட்டியருளுகின்றார். அதனைப் பாடும் பொறுப்பைப் புலவர் தேவரிடமோ முனிவரிடமோ ஒப்படைக்கவில்லை. சூரன் வாயிலேயே வைக்கின்றார். சிறு பிள்ளையென்று தான் எள்ளியவன் யார் என்பதை அவன் அறிகின்றான், அவ்வழகிலே உருகுகின்றான், அங்கமெல்லாம் அடிபணியத் துடிக்கவும், விடாது பற்றி நிற்கும் தன் மானத்தையும் தானே ஒப்புக்கொள்கின்றான். பெருமான் அவ்வுருவை மறைத்தவுடன் பழைய செருக்கு மீளுகின்றது. மாமரமாய் நின்று வேலாற் பிளவுண்டு, சேவலும் மயிலுமாகின்றான். பகைவன் கண்ணாற் கதையைக் காட்டும் முறைக்கு இதனினும் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டோ?

சூரனை ஆணவம் என்றும், சிங்கமுகனைக் கன்மம் என்றும், தாரகனை மாயை என்றும் சைவர் பொருள் கொள்வர். ஆணவமலம் எவ்வுயிரையும் பற்றியது. ஆதலின் சூரன் நெஞ்சினுட் புகுந்து பார்ப்பவன் அங்கே காண்பது தன் நெஞ்சையே. உண்மையை அறிந்த பின்னும் மானங் கருதிப் பணியாது நின்ற நாள்கள் எமக்கு இல்லையா? பகைவன் பக்கத்துக் கதையினால் விளையும் முதற் பயன் அவனுக்கு இரங்குதல். முடிந்த பயன் தன்னை அறிதல்.

இனி, யாம் ஆச்சியிடம் கேட்ட வினா. அதற்கும் விடை கந்தபுராணத்திலேயே இருந்தது. சூரன் மாண்டது கேட்ட மனைவி பதுமகோமளை துயரத்தால் உயிர் விடுகின்றாள். மைந்தருள் இரணியன் என்பான் தந்தைக்கு அறிவுரை கூறியவன். தானும் மடிந்தால் தந்தைக்கு இறுதிக்கடன் செய்வார் இலராவர் என்று எண்ணி, களத்தை விட்டு மீனுருக் கொண்டு கடலில் மறைகின்றான். வீரர் அதனைக் கோழைமை என்னலாம்; மகன் ஒருவன் அவ்வாறு எண்ணான்.

எமது கடலோரத்திலே இருந்து இதனைப் படிக்கும்போது உள்ளம் கனக்கின்றது. 1990 ஆம் ஆண்டுப் போரிலே தீவக மக்கள் பெருந்தொகையினர் ஊர் விட்டுப் பெயர்ந்தனர். காணாமற் போனவர்க்கு எந்நாளைத் திதியாகக் கொள்வது என்று அறியாத வீடுகள் இன்றும் உள. இறந்தவனுக்குக் கடன் செய்ய ஒருவன் எஞ்சியிருத்தல் எத்துணைப் பெரிது என்பதை அவ்வீட்டார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பகைவனுக்கும் அழுவார் உளர் என்று ஒரு மக்கட் கூட்டம் தன் புராணத்திலே எழுதி வைத்து ஆண்டுதோறும் படித்து வருமாயின், அதனைக் காதில் விழுத்துதல் எம் கடனாகும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். கதையைப் பகைவன் பக்கத்தினின்று எழுத முற்படுவீராயின், அவன் புண்ணை மறையாதீர். அவன் செய்த புண்ணையும் மறையாதீர். அவனை உயர்த்துதற்காக வேறொருவனைத் தாழ்த்தாதீர். அசமுகியின் கதையைத் தொடங்க விரும்பினால் சீகாழிச் சோலையிலே தொடங்குக. அங்கே நடுங்கி நின்ற இந்திராணியையும் உடன் காட்டுக.

அடுத்த சூரன் போரிலே சிறுவர் எவரேனும் எம்மிடம் அவ்வினாவைக் கேட்பாராயின், கும்பிடச் சொல்வோம். கும்பிட்ட பின், பதுமகோமளை பெயரையும், கடலில் மறைந்த மகன் பெயரையும் சொல்லிக் கொடுப்போம்.